ஜட்ஜம்மாவுக்கு மூன்று டப்பா

ஜூன் 8

அன்புள்ள மகளுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, வேலையிலும் சேர்ந்துவிட்டதாக விடுதி வார்டன் மூலம் அறிந்தேன். உன்னிடமே நேரில் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை என்பதை உணர்ந்தே இதை எழுதுகிறேன். இக்கடிதம் உன் குதிரையைப் பற்றியது மட்டுமே. வேறு எந்த விஷயத்தையும் இதில் எழுப்பப் போவதில்லை.

நீ புறப்பட்ட அன்று, தோளில் கட்டோடு லாயத்தின் கதவருகே நின்றாய். என் முகத்தைப் பாராமல் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாய்: “காலைல மூணு டப்பா, சாயங்காலம் மூணு டப்பா. கொள்ள ஊற வச்சு ஓட்ஸோட கலந்து போடணும். புல்லு எப்பவும் இருக்கணும். தண்ணி காலியாகக் கூடாது. குளம்ப தினமும் சுரண்டணும்.” நான் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி அன்று எனக்கு இல்லை.

லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் நீ போன மறுவாரமே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். வேறு ஆள் வைக்கவில்லை. நீ பொறுப்பை என்னிடம்தான் ஒப்படைத்தாய். அதை நான் இன்னொருவருக்குக் கைமாற்றுவது முறையல்ல. எனவே சாணம் அள்ளுவது, தண்ணீர் நிரப்புவது, தேய்த்துவிடுவது எல்லாம் நானே. கொள்ளை முந்தின நாள் மாலையே ஊற வைத்துவிடுகிறேன். கால் தூக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முதல் நாள் என் செருப்பின் மேல் நன்றாக ஊன்றிக்கொண்டு, காதை மட்டும் என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். “தயவுசெய்து காலைத் தூக்கவும்” என்று நான் சொன்னது சுவருக்கு அந்தப்புறம் நின்ற நம் குமாஸ்தாவின் காதில் விழுந்துவிட்டது. “மனு போட்டாத்தான் தூக்குவாங்க சார். வாய்மொழியா சொன்னா ஜட்ஜம்மா ஏத்துக்க மாட்டாங்க” என்றார்.

பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருக்கும்போது நீ வைத்த பெயர் அது. லாயத்தின் கதவு தாழ்வானது என்பதால் நான் குனிந்து நுழைவதைப் பார்த்து, “அப்பா கோர்ட்டுலயும் குனியறார், இங்கயும் குனியறார். அப்ப இவ ஜட்ஜம்மா!” என்று சிரித்தாய். இப்போதும் குனிந்துதான் போகிறேன்.

இறுதியாக ஒன்று. நீ சொன்ன தீவன அளவு, தினமும் நீ சவாரி செய்த காலத்து அளவு என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது சவாரி இல்லை. நான் கயிற்றைப் பிடித்துத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிவருவதோடு சரி. இந்நிலையில் கொள்ளையும் ஓட்ஸையும் குறைக்க வேண்டுமா என்பதை எழுது. அவள் உன்னுடையவள். உன் ஒப்புதல் இல்லாமல் அளவை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை.

அன்புடன்,
அப்பா

ஜூலை 14

அன்புள்ள மகளுக்கு,

முந்தைய கடிதம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். வேலை மிகுதியால் பதில் தாமதமாகிறது போலும். சாயப் பட்டறை ஆய்வகத்தில் விரல் நகம் வரை நிறம் ஏறிவிடும் என்று கேள்விப்பட்டேன். கையுறை கொடுக்கிறார்களா?

லாடக்காரர் வந்து போனார். அவளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “என்ன சார், மாமியார் வீட்டுல விருந்து சாப்பிட்ட புது மாப்பிள்ளை மாதிரி உடம்பு வச்சிருக்காங்க! ரோமம் பாருங்க, எண்ணெய் தேச்ச மாதிரி பளபளங்குது. நல்லாத்தான் கவனிக்கிறீங்க” என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை என்பதை உன்னிடம் மறைப்பானேன். நீதிமன்றத்தில் வாதத்தின் நடுவே கைக்குட்டையை எடுத்தபோது சட்டைப்பையிலிருந்து புல் உதிர்ந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குனிந்து அதை எடுத்து, “என் நண்பருடைய ஆதாரம் கீழே விழுந்துவிட்டது” என்றார். மன்றமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் லாடக்காரர் பாராட்டிய அதே விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை. பிடரிக்குக் கீழே கழுத்தின் மேல்விளிம்பு கெட்டியாகத் திரண்டிருக்கிறது. உழைக்காத உடம்புக்கு உழைக்கிற உடம்பின் சாப்பாடு தகுமா என்பதே என் ஐயம். முன்பு கேட்டதையே மறுபடியும் கேட்கிறேன்: அளவைக் குறைக்கலாமா? “குறை” என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

உன் பதில் வரும்வரை நீ சொன்ன அளவே தொடரும்.

அன்புடன்,
அப்பா

ஆகஸ்ட் 1

அப்பா,

கவர்கள் வந்தன.

விடுதிக்குத் தொலைபேசி செய்யாதீர்கள். வார்டனம்மா சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் “உங்க அப்பா லைன்ல இருக்கார், பேச மாட்டீங்களா?” என்று கத்துகிறார். பேச மாட்டேன். அதை ஒவ்வொரு முறையும் அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டியிருக்கிறது.

விவாகரத்து வழக்கில் எது வேண்டுமானாலும் உங்கள் ஜூனியர் முடிவு செய்யட்டும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டு அனுப்புகிறேன். சாட்சி, தேதி, வாய்தா என்று எனக்கு எதுவும் விளக்க வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது என்று நான் ஒரு தடவை கேட்டது போதும். தோள் இன்னும் முழுதாக உயரவில்லை. தலை பின்னிக்கொள்ளப் பக்கத்துக் கட்டில் அக்கா உதவி செய்கிறார்.

ஜட்ஜம்மா விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் சொன்னபடியே செய்யுங்கள். உங்கள் யோசனை எதையும் அதில் நுழைக்காதீர்கள். எதையும் மாற்ற வேண்டாம். இதையாவது நான் சொன்னபடி விடுங்கள்.

ஆகஸ்ட் 9

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் இருமுறை எழுப்பிய கேள்விக்கு நேரான விடை கிடைத்துவிட்டது. எதையும் மாற்ற வேண்டாம் என்கிறாய். மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன். குதிரையைப் பற்றி என்னைவிட உனக்குத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. கேட்டது என் சுபாவம். பொறுத்துக்கொள்.

விடுதிக்கு இனி அழைக்க மாட்டேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது. காலையில் என் காலடி கேட்டவுடன் அவள் கனைக்கும் கனைப்பு, ஒரு வீடு முழுக்க ஆள் இருப்பதுபோல் இருக்கிறது. டப்பாவைத் தொட்டிக்குள் கவிழ்க்கும்வரை பொறுமை கிடையாது. மூக்கால் என் முழங்கையை இடித்துக்கொண்டே இருக்கிறாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்று காபி குடிக்கப் பழகிவிட்டேன். அவளிடம் கொஞ்சம் பேசவும் செய்கிறேன். என்ன பேசுகிறேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

நடக்கக் கூட்டிப்போகும்போது சரளைக்கல் பாதையில் கொஞ்சம் தயங்குகிறாள். திரும்பும்போது முன்கால்களைப் பார்த்துப் பார்த்து வைக்கிறாள். குளம்பைக் கையில் ஏந்தியபோது உள்ளங்கைக்குச் சற்றுச் சூடாகப் பட்டது. வெயிலில் நின்றிருந்தாள், அதனால் இருக்கலாம். கல் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இனி மண்பாதையாகப் பார்த்துக் கூட்டிப் போகிறேன்.

தலை பின்னிவிடும் அந்த அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்.

அன்புடன்,
அப்பா

செப்டம்பர் 20
(அஞ்சலட்டை)

மகளுக்கு,

கால்நடை மருத்துவமனை வாசலில், தபால் பெட்டியின் மேல் வைத்து இதை எழுதுகிறேன். கவர் கையில் இல்லை. ஜட்ஜம்மா நேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. முன்குளம்புகள் இரண்டிலும் உள்ளே அழற்சி. எழுப்பினால் முன்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்து, உடம்பு நடுங்க நிற்கிறாள். உடனே படுத்துவிடுகிறாள். தீவனம் மிகுந்து, உழைப்பு குறைந்ததால் வந்தது என்கிறார் டாக்டரம்மா. கொள்ளும் ஓட்ஸும் இன்று நிறுத்தப்பட்டன. உன்னைக் கேட்காமல் நிறுத்தியதற்கு மன்னிக்கவும். அவள் முன்கால்களை ஐஸ் தண்ணீரில் வைத்திருக்கிறோம். தரையில் மரத்தூள் பரப்பியிருக்கிறேன். உடனே எழுது.

அப்பா

செப்டம்பர் 24

அப்பா,

கார்டு வந்தது. வார்டனம்மா படித்துவிட்டுத்தான் கொடுத்தார். “உங்க வீட்டுல யாருக்கோ கால் நடக்க முடியலையாம்மா” என்று சொல்லி என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கவர்களை நான் பிரிக்கவில்லை. ஒன்றைக்கூட. ஆபீஸ் பெயர் அச்சடித்த அந்தப் பழுப்புக் கவரில்தான் வழக்குக் காகிதங்களும் வருகின்றன. அதைப் பார்த்தாலே எனக்குத் தோள் வலிக்கும். எல்லாவற்றையும் அப்படியே பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். மகளுக்குக் கடிதம் எழுத வேறு கவர் கிடைக்கவில்லையா உங்களுக்கு?

கார்டைப் படித்தபிறகு எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிப் பிரித்தேன். ஜூனில் கேட்டிருக்கிறீர்கள். ஜூலையில் கேட்டிருக்கிறீர்கள். “குறை” என்று ஒரு சொல் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் படிக்காமலே “எதையும் மாற்ற வேண்டாம்” என்று எழுதினேன். நீங்கள் அதை நேரான விடை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

குளம்பு சூடாக இருக்கிறது என்று ஆகஸ்டிலேயே எழுதியிருக்கிறீர்களே அப்பா. அதை நான் படித்திருந்தால் அந்த நிமிடமே பஸ் ஏறியிருப்பேன். குளம்பு சூடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும், படிக்கவில்லை. உங்களுக்குத் தெரியாது, ஆனால் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். விலா எலும்பு, கழுத்துக் கொழுப்பு, எல்லாம். அத்தனையும் பார்த்துவிட்டு, கையில் டப்பாவை வைத்துக்கொண்டு, என் அனுமதிக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள். ஒரு டப்பாவைக் குறைக்க அனுமதியா? பக்கத்தில் நிற்கிறவர் நீங்கள். கண் உங்களுடையது. மூன்றை இரண்டாக்கியிருந்தால் நான் என்ன, வழக்கா போட்டிருப்பேன்?

அன்றைக்கு நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. புகுந்த வீட்டிலிருந்து கை வீங்கி வந்து நின்றேன். “நீயா வீட்ட விட்டு வெளியேறினா நாளைக்கு அதையே உனக்கு எதிரா பேசுவாங்க. மனு தயாராகிற வரைக்கும் பொறுத்துக்கம்மா. ஒரு வாரம்தான்” என்றீர்கள். அவரும் அவருடைய அண்ணனும் வாசலில் வந்து நின்றபோது என்னை அனுப்பி வைத்தீர்கள். நான் போனேன். அந்த வாரம் முடிவதற்குள் தோள் எலும்பு உடைந்தது.

நீங்கள் சொன்னபடி நான் செய்தேன். நான் சொன்னபடி நீங்கள் செய்தீர்கள். நாம் இரண்டு பேரும் ஒருவர் சொல்லை ஒருவர் மீறினதே இல்லை.

ஆறாம் தேதிக்கு முன் விடுப்பு கிடையாது என்கிறார்கள். சாய மாதிரிகள் பாதியில் இருக்கின்றன. ஆறாம் தேதி மாலை புறப்படுகிறேன். புல்லை ஊறவைத்து, பிழிந்து கொடுங்கள். மரத்தூளைக் கனமாகப் போடுங்கள், ஒரே பக்கமாகப் படுத்தால் புண் வரும். வலி மருந்தை நிறுத்த விடாதீர்கள். நான் வந்து பார்க்கும்வரை எந்த முடிவும் எடுக்கக் கூடாது. டாக்டரம்மா என்ன சொன்னாலும் சரி. நான் வந்து அவளைப் பார்க்க வேண்டும். அவள் தலையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 29

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளைக் கவர் வாங்கி இதை அனுப்புகிறேன். நீ புறப்படும் முன் இது கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் விரைவு அஞ்சல்.

ஜட்ஜம்மா நேற்று மாலை இறந்துவிட்டாள். இன்னும் துல்லியமாகச் சொல்ல வேண்டும்: நேற்று மாலை, என் சம்மதத்தின் பேரில், ஊசி போட்டு அவள் உயிர் முடித்துவைக்கப்பட்டது. நீ கூடாது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து, முழுவதும் புரிந்துகொண்டு, மீறினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நீ சொன்னபடி புல்லை ஊறவைத்துப் பிழிந்து கொடுத்தேன். நானும் குமாஸ்தாவும் அவளைப் பக்கம் மாற்றி மாற்றிப் படுக்க வைத்தோம். முதல் இரண்டு நாள் தேறுவதுபோல் இருந்தது. எழுந்து நின்று, என் முழங்கையை ஒருமுறை இடித்தாள். உனக்கு எழுத வேண்டும் என்று ஓடிவந்து பேனாவை எடுத்தேன். எழுதி முடிப்பதற்குள் மறுபடி படுத்துவிட்டாள். அதன்பிறகு எழவில்லை.

நேற்று டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குளம்புக்குள் இருக்கும் எலும்பு நிலைகுலைந்து, நுனி கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. “சார், எலும்பு அடிப்பாதத்தையே துளைச்சிட்டு வெளிய வந்திடுச்சு. ரெண்டு கால்லயும். இதுக்கு மேல மருந்துங்கறது நம்ம மனசுக்குத்தான், அவளுக்கு இல்ல” என்றார்.

“என் பொண்ணு வந்திட்டிருக்கா. ஆறாம் தேதி கெளம்புறா. அதுவரைக்கும் தாங்குமா?” என்று கேட்டேன்.

“தாங்கும் சார்” என்றார். “உயிர் போகாது. அதான் கஷ்டம்.”

அவள் முனகவில்லை. குதிரைகள் வலியில் அதிகம் சத்தம் போடாதாம். மூச்சு மட்டும் வேகமாக வந்துபோயிற்று. மூக்கின் ஓரம் சுருங்கி, கண்ணுக்கு மேலே குழி விழுந்திருந்தது. பத்து விரலாலும் மரத்தூளைப் பற்றிக்கொண்டு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

விடுதிக்கு அழைக்கலாம் என்று வீட்டுக்குள் போனேன். இந்த முறை நீ வந்து பேசியிருப்பாய். ஆனால் கேட்டால் வேண்டாம் என்பாய். நீ வேண்டாம் என்று சொல்லிக் கேட்டபிறகு என்னால் செய்ய முடியாது. என்னை எனக்குத் தெரியும். ஆகவே அழைக்கவில்லை. தொலைபேசியை எடுத்த கையாலேயே திரும்ப வைத்துவிட்டு லாயத்துக்கு வந்தேன்.

டாக்டரம்மா கேட்டார்: “உரிமையாளர் சம்மதம் இல்லாம நான் செய்யக் கூடாது சார். குதிரை யாரோடது?”

“என்னோடது” என்றேன்.

“உங்க பொண்ணோடதுன்னு சொன்னீங்களே?”

“என்னோடதும்மா. நான்தான் பார்த்துக்கறேன். நான்தான் சொல்றேன். போடுங்க.”

அது பொய். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பிறர் உரிமையை என்னுடையது என்று நான் சொன்னதில்லை. இதன் விளைவு எதுவானாலும் ஏற்கிறேன்.

“இப்ப என்ன வேணா குடுங்க சார், ஒண்ணும் ஆகாது” என்று டாக்டரம்மா சொன்னதால் ஒரு டப்பா கொண்டுவந்தேன். உள்ளங்கையில் கொட்டி நீட்டினேன். முகர்ந்து பார்த்தாள். உதட்டால் விரல்களைத் தடவினாள். சாப்பிடவில்லை.

தலையை நான் பிடித்துக்கொண்டேன். அது நீ இருந்திருக்க வேண்டிய இடம் என்பது அப்போதும் என் நினைவில் இருந்தது. இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் எண்ணியதில்லை. மடியிலிருந்து இறக்க மனம் வராமல் வெகுநேரம் வைத்திருந்தேன். கடைசியில் குமாஸ்தாதான், “போதும் சார், எழுந்திருங்க” என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

தோட்டத்தின் கோடியில் புதைத்திருக்கிறோம். நீ வரும்போது காட்டுகிறேன். வரவேண்டும் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

அப்பா

அக்டோபர் 4

அப்பா,

பெட்டி கட்டி வைத்திருந்தேன். அதன் மேலேயே உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காலியான லாயத்தைப் பார்க்க இப்போது என்னால் முடியாது.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். நான் அவளைக் குட்டியிலிருந்து வளர்த்தேன். கடைசியில் என் கை அவள் மேல் இல்லை. நீங்கள் செய்தது சரி என்று எனக்குத் தெரிகிறது. இன்னொருவருடைய குதிரையாக இருந்தால் நானே அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். நான் வரும்வரை அவளை அந்த வலியில் வைத்திருக்கச் சொன்னது நான்தான். எனக்காக, அவளுக்காக இல்லை. “ஒரு வாரம்தான்” என்று நீங்கள் என்னிடம் சொன்னதைத்தான் நானும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். எழுதும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

நேற்று வேலைக்குப் போகவில்லை. பக்கத்துக் கட்டில் அக்கா பின்னலை அவிழ்த்துவிட்டு, எண்ணெய் வைத்து, ஒன்றும் கேட்காமல் தலையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். குதிரைக்கு என்று சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது. வீட்டில் ஒரு சாவு என்று மட்டும் சொன்னேன்.

கடிதத்தில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். டாக்டரம்மா யாரோடது என்று கேட்கிறார். நீங்கள் என்னோடது என்கிறீர்கள். நான்தான் பார்த்துக்கறேன், நான்தான் சொல்றேன் என்கிறீர்கள். நீங்கள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. உங்கள் குரலில் அதை நினைத்துப் பார்க்க முயற்சி செய்கிறேன், வரவில்லை. ஆனால் சொல்லியிருக்கிறீர்கள். யாரையும் கேட்காமல், சட்டத்தைப் பார்க்காமல், நாளைக்கு என்ன பேசுவார்கள் என்று யோசிக்காமல்.

அவரும் அவருடைய அண்ணனும் வாசலில் வந்து நின்ற அன்றைக்கு, நான் கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் அவர்களை உட்காரச் சொன்னீர்கள். தண்ணீர் கொண்டுவரச் சொன்னீர்கள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “இது என் பொண்ணு, அனுப்ப மாட்டேன்” என்று நீங்கள் சொல்வதற்காகக் காத்திருந்தேன். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் சிந்திக்கொண்டிருந்தது. நீங்கள் சொல்லவில்லை. உங்களுக்கு அப்படிச் சொல்ல வராது என்று இத்தனை நாள் நினைத்து, மனதை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குச் சொல்ல வரும் அப்பா.

உங்கள் மகள்